நான் வைத்த மந்திரப் பரிட்சை

எனக்கு முன்கோபம் அதிகம். அதற்குக் கண்டிப்பு என்று பெயர் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் காலம் தள்ளினேன். ஓய்வு பெற்றதும் எங்கள் பங்குச் சாமியார், பெரியவர்களுக்கான ஞானோபதேச வகுப்பை என் தலையில் கட்டினார். பழவேற்காடு ஏரிக்கரையில் எங்களுடையது சின்னப் பங்கு, ஒரு மாதா கோயிலும் அதைச் சேர்ந்த கொஞ்சம் குடும்பங்களும்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வகுப்பு நடக்கும். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் பங்கில் யாரையாவது காதலித்துவிட்டு, கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்க வருகிறவர்கள். ஞானஸ்நானம் கொடுப்பது பாஸ்காவில், அதாவது ஈஸ்டர் ராத்திரியில். அதற்கு இரண்டு வாரம் முன்பு மந்திரப் பரிட்சை வைப்பேன். பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம், விசுவாச மந்திரம் மூன்றையும் தடுமாறாமல் ஒப்பிக்க வேண்டும். வருடத்துக்கு ஒருவரையாவது திருப்பி அனுப்பினால்தான் வகுப்புக்கு மரியாதை என்று எனக்கு ஒரு நினைப்பு.

அந்த வருடம் அவள் வந்தாள். ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கிற குடும்பத்துப் பெண். என் வயதுதான் இருக்கும். நான் அவளை நீ என்றேன், அவள் என்னை டீச்சரம்மா என்றாள். கல்யாணம் எதுவும் இல்லாத இவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன்.

"எம் பொண்ணு கல்லறையத் தோண்டப் போறாங்களாம். அதுக்குத்தான்" என்றாள்.

விஷயம் இதுதான். அவள் மகள் சின்ன வயதில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் படித்து, அங்கேயே ஞானஸ்நானம் வாங்கி, எங்கள் பங்குப் பையனைக் கட்டிக்கொண்டவள். மஞ்சள் காமாலையில் செத்துப்போனாள். எங்கள் கல்லறைத் தோட்டத்திலேதான் புதைத்தோம். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் ரோடு, நடுவில் ஒரு துண்டு மணல். இனி ஒரு குழிக்கு இடமில்லை. ஐந்து வருடம் தாண்டி, உரிமை கொண்டாடப் பங்கில் ஆள் இல்லாத குழியைத் திறந்து அடுத்தவருக்குக் கொடுப்பது என்று பங்குப் பேரவையில் முடிவு செய்திருந்தார்கள். மருமகன் வேறு கல்யாணம் செய்துகொண்டு மீஞ்சூருக்குப் போய்விட்டான். அந்தக் குழி எனக்கு வேண்டாம் என்று சொல்லியும் விட்டான். தாய் உரிமை கொண்டாடலாம். ஆனால் அவள் பெயர் பங்குப் பதிவேட்டில் ஏற வேண்டும், அதற்கு ஞானஸ்நானம் வேண்டும். வரும் பாஸ்காவோடு அந்த ஐந்து வருடம் முடிகிறது.

இதெல்லாம் எனக்கு முதல் நாளே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை.

அவள் ஏரியிலிருந்து நேராக வருவாள். சேலையில் சேற்று வாடை அடிக்கும். வாசல் பக்கம் உட்காரச் சொன்னேன். கல்யாணப் பெண்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று சாக்குச் சொன்னேன், சுளித்தது நான். அவளுக்கு எழுத்துத் தெரியாது. மகளின் பழைய செல்போனில் மூன்று மந்திரத்தையும் என் குரலில் பதிந்து கொடுத்தேன். அந்தப் பெரிய உபகாரத்தைப் பங்குச் சாமியாரிடம் இரண்டு தடவை சொல்லிக்காட்டினேன்.

பரிட்சையன்று வெளியூரிலிருந்து ஒரு சாமியார் வகுப்பைப் பார்க்க வந்திருந்தார். நான் கஞ்சி போட்ட சேலை கட்டிக்கொண்டு போயிருந்தேன். கல்யாணக் கூட்டம் மளமளவென்று ஒப்பித்தது. அதில் ஒருவன் உள்ளங்கையில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல விட்டேன், அவன் இஞ்சினியர்.

அவள் முறை வந்தது. எழுந்து நின்றாள். முதல் மந்திரத்தைத் தொடங்கியதும் அவள் இரண்டு கையும் முன்னால் நீண்டு எதையோ துழாவ ஆரம்பித்தன. வலது கை துழாவும், மூடும், மோவாய்க்குப் போகும். ஒரு வரி வரும். அப்புறம் இடது கை. கல்யாணப் பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். வெளியூர்ச் சாமியாரும் புன்னகைத்தார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

"இன்னா டான்ஸ் ஆடுற? சாமியார் முன்னாடி கையக் கூப்பிச் சொல்லு" என்றேன்.

கூப்பினாள். வரி நின்றுவிட்டது. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. மறுபடி கை பிரிந்தது. நான் எழுந்து போய், அவள் இரண்டு கையையும் பிடித்துச் சேர்த்து அழுத்தினேன். உள்ளங்கை மரக்கட்டை மாதிரி இருந்தது.

"தண்ணில சொல்லிச் சொல்லித்தான் பட்ச்சேன் டீச்சரம்மா. கை போனாத்தான் வருது" என்றாள்.

அவர்கள் தொழிலை நான் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். ஏரித் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, கையால் சேற்றைத் தடவி, அகப்படும் இறாலை வாயில் கவ்வியிருக்கும் ஓலைப் பறிக்குள் போடுவார்கள். கரையேறும்வரை வாயைத் திறக்க முடியாது. அத்தனை மாதமும் அவள் வாயில் பறியைக் கவ்விக்கொண்டு, ஒரு தடவலுக்கு ஒரு வரி என்று மனதுக்குள் ஓட்டியிருக்கிறாள். வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. அவள் சொன்ன அந்த நொடியே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கையை விட்டிருந்தால் மூன்றையும் சொல்லி முடித்திருப்பாள்.

"கோயில்ல வந்து இறால் தடவாத. அடுத்த வருஷம் ஒழுங்கா கத்துக்கினு வா" என்றேன்.

"அதுக்குள்ள தோண்டிடுவாங்களே."

"அதுக்கு நான் இன்னா பண்றது? சட்டம் சட்டந்தான்."

வெளியூர்ச் சாமியார் போகும்போது என் கண்டிப்பைப் பாராட்டினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மீன் குழம்பு வைத்து வயிறாரச் சாப்பிட்டேன்.

ஆடி மாதம் என் மாமனார் போய்ச்சேர்ந்தார். வாதம் வந்து மூன்று வருடம் படுக்கையில் கிடந்தவர். குழி கேட்டுப் போன என் வீட்டுக்காரர் திரும்பி வந்து, ஒரு இடம் காலியாக இருக்கிறதாம் என்றார். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. வெட்டியவர்கள் எலும்புகளைப் பொறுக்கி, அதே குழியின் அடியில் ஒரு ஓரமாக மண் போட்டு மூடினார்கள். கூடவே ஒரு துண்டு மஞ்சள் சேலையும் ஒரு கண்ணாடி வளையலும் வந்தன. வளையல் உடையாமல் இருந்தது. அதன் மேல்தான் மாமனாரின் பெட்டியை இறக்கினோம். அவள் ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை.

மாமனாருக்கு இடம் பிடிக்கத்தான் அவளைத் திருப்பி அனுப்பினேன் என்று குப்பத்தில் பேசிக்கொண்டார்கள். பைபிள் மேல் கை வைத்துச் சொல்கிறேன், அப்படி இல்லை. பரிட்சையன்று மாமனார் ஞாபகமே எனக்கு வரவில்லை. ஒரு காரியத்துக்காகச் செய்திருந்தால்கூட மனுஷத்தனம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். ஒரு வெளியூர் ஆள் என்னைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும் என்பதற்காகச் செய்தேன்.

கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தியும் சாமந்தியும் எடுத்துக்கொண்டு போனேன். மழை விட்டிருந்தது. எனக்கு முன்னால் அவள் வந்து, புல்லைப் பிடுங்கிவிட்டு, மண்ணைக் கையால் நிரவிக்கொண்டிருந்தாள். சிலுவையில் என் மாமனார் பெயர். அவளுக்கு அது படிக்கத் தெரியாது.

மெழுகுவர்த்தியைக் கீழே வைத்துவிட்டு, "இந்த வருஷம் வகுப்புக்கு வா. பரிட்சை எதுவும் வேணாம், பாஸுன்னு நானே எழுதிக் கொடுத்துடறேன்" என்றேன்.

"இன்னாத்துக்கு?" என்றாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவள் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"எம் பொண்ணு மேல படுத்துகினு கீறாரே, அவுரு பேரு இன்னா டீச்சரம்மா?"

"எதுக்குக் கேக்குற?"

"வாராவாரம் வந்து திட்றேன். பேரு தெரியாமத் திட்டினா வேற யாருக்காவது போய்ச் சேரும்."

மூன்று வருடம் வாயில் ஊட்டிவிட்டால்தான் கஞ்சி குடித்த மனிதர் அவர். ஒரு எறும்புக்குக்கூடத் தீங்கு நினைத்ததில்லை. அவள் திட்ட வேண்டியது என் பெயரை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். சுற்றிலும் பங்கு ஜனம் பூவும் கையுமாக நின்றுகொண்டிருந்தது. முன்வரிசையில் என் பழைய மாணவிகள்.

மாமனார் பெயரைச் சொன்னேன்.