நெத்தியப் பாத்துட்டுப் போனவங்க

"பாத்துட்டுப் போனவன் ஒருத்தனாச்சும் திரும்பி வந்தானா பாரு!"

காலையில காப்பித் தம்ளரை வாங்கறப்பவே கமலக்கண்ணன் இதைத்தான் சொல்லுவாரு. தெனமும். பொண்டாட்டி காளியம்மாளுக்குக் காது புளிச்சுப்போச்சு.

ஓசூர் சிப்காட்டுல தகடு அடிக்கற பிரஸ் மிஷின் ஓட்டுன மனுசன். ஈரல்ல புத்துநோய்னு பெங்களூர்ல ஈரலையே மாத்துனாங்க. காளியம்மாள்தான் தன் ஈரல்ல பாதிய அறுத்துக் குடுத்தா. நல்லாத்தான் இருந்தாரு. ரெண்டாயிரத்து எட்டுல மறுபடி வந்துருச்சு, நுரையீரல்லயும் சேந்து. "இனிமே கத்தி வைக்க முடியாதும்மா. மாத்திரையில எவ்வளவு தூரம் தள்ளுதோ தள்ளலாம்"னாரு டாக்டரு.

சேதி தெரிஞ்சதும் சாமல்பட்டியிலருந்து வேன் வெச்சுட்டு சொந்தபந்தம் வந்து எறங்குச்சு. கூட வேலை செஞ்சவங்க ஷிப்டு முடிச்ச கையோட வந்தாங்க. கடைசியா ஒருக்கா மூஞ்சியப் பாத்துக்கலாம்னு. காலைத் தொட்டு அழுதாங்க, ஹார்லிக்ஸ் பாட்டிலை வெச்சாங்க, போனாங்க. முடிஞ்சுது கடமை.

ஆனா இவரு சாகல. கட்டி கரையலன்னாலும் வளராம நின்னுக்கிச்சு. ஒரு வருசம் ஓடிப்போச்சு. அழுது முடிச்ச ஆளு முன்னாடி எந்த மூஞ்சிய வெச்சுட்டு மறுபடி போறதுன்னு ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இவராச்சும் டீக்கடைக்குப் போலாம்னா, மாத்திரை சூட்டுல உள்ளங்காலு கொப்பளிச்சுத் தோலு உரிஞ்சுகெடக்குது. ஒருநா சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டு, "மாத்திரை போதும், வேண்டாம்"னுட்டாரு.

மறுநா சந்தையில காளியம்மாளுக்கு எதுக்க தீர்த்தகிரி வந்தான். இவருக்கு அடுத்த மிஷின்ல வருசக்கணக்கா நின்னவன். அவளைக் கண்டதும் அவன் கண்ணு நேரா நெத்திக்குப் போச்சு, அப்புறம் கழுத்துக்கு.

"என்னா பாக்கற? பொட்டு இருக்குதான்னா? உங்க அண்ணன் உசுரோட இருக்காரான்னு என் நெத்தியில தேடாத, வூட்டுல வந்து பாரு!"

கத்திரிக்காய்க்காரி தராசை நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்தா. அவன் தலை கவுந்துபோச்சு. "தப்புதான் அண்ணி."

அன்னைக்கு சாயங்காலமே வந்தான். கையைக் கழுவிட்டுக் கட்டில் ஓரத்துல உக்காந்து மூக்கை உறிஞ்சுனான்.

"போன வருசமே அழுதுட்டியேடா, மறுக்காவா?"ன்னாரு கமலக்கண்ணன். "என் மிஷின்ல இப்ப எவன் நிக்கறான்?"

"முனிவேலுங்கண்ணே. மிஷின்ல டை அச்சை மாட்டத் தெரியாம தெனம் திட்டு வாங்கறான்."

இவரு சிரிச்சாரு. காளியம்மாள் அடுப்படியில கரண்டியோட அப்படியே நின்னுட்டா. சாப்பாட்டுக்கு அப்புறம் அவரே மாத்திரையக் கேட்டு வாங்கி முழுங்குனாரு.

நோவு போயிடும்னு டாக்டரு சொல்லல, அவளும் நெனைக்கல. இருக்கற வரைக்கும் ஆளு வேணும், அவ்வளவுதான். அவரு வூடு ராயக்கோட்டை ரோட்டுல மாவு மில்லுக்குப் பின் சந்து, பச்சைக் கதவு. சளி இருமல் இருந்தா போகாதீங்க, ஒட்டிக்கிச்சுன்னா அந்த ஒடம்பு தாங்காது. ஹார்லிக்ஸ் வேண்டாம், அழுகையும் வேண்டாம். போய்ப் பாருங்க. ஒருக்கா பாத்தவங்க, இன்னொருக்கா போங்க.