காகிதத்தில் வரைந்த கால்

போன ஆடி மாதம் என் இரண்டு கால்களும் வீங்கின. என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

சபையாரே, உங்களில் பலருக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்பே தொழுநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக் குணமானவள் நான். நோய் போய்விட்டது, பாதத்தில் உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. முள் குத்தினாலும் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். அதனால் வீக்கத்தைக் கண்டதும், பழையது திரும்பிவிட்டது என்றே முடிவு கட்டினேன். உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஊரில் இது தெரிந்தால் நாற்று நட யார் கூப்பிடுவார்கள்? வீக்கம் வடியும் என்று கடையில் வலி மாத்திரை வாங்கித் தினமும் விழுங்கினேன். சேலையை இறக்கிக் கட்டி, சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. காலையில் முகம் உப்பியிருந்தால், தூக்கம் ஜாஸ்தி என்று சமாளித்தேன். சோறு இறங்கவில்லை. செத்துவிடுவேன் என்று பயந்தேன்.

"ஆண்டவரே, என்னைக் காப்பாற்றும். ஆனால் இதை யார் கண்ணிலும் படவிடாதிரும்" என்று அழுது ஜெபித்தேன். அதில் பாதியைத்தான் அவர் கேட்டார்.

ஐப்பசியில், எங்களைப் போன்றவர்களுக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு கொடுக்கும் முகாம் நடந்தது. பழைய செருப்பின் வார் அறுந்திருந்ததால் போனேன். செருப்பு தைக்கும் கோவிந்தன் அண்ணன் என் காலைக் காகிதத்தில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்தார். பிறகு போன வருடம் வரைந்த காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இன்னாம்மா, இந்த வயசுல காலு வளந்துகினு கீது?"

"நடந்து நடந்து அகலமாயிடுச்சிண்ணா."

அவர் சிரிக்கவில்லை. கணுக்காலுக்கு மேல் கட்டை விரலால் அழுத்தினார். குழி அப்படியே நின்றது.

"இது செருப்பு சமாச்சாரம் இல்ல. வா, டாக்டராண்ட காட்டலாம்."

சிறுநீரைச் சோதித்த டாக்டரம்மா, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டுக்கொண்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். "பழைய வியாதி திரும்பலம்மா. கிட்னி கெட ஆரம்பிச்சிருக்கு. அந்த வியாதி வந்தவங்களுக்கு இப்படி ஆகறதுண்டு. வெறும் கால் வீக்கம்னு விட்டுட்டு, சில பேர் இதுலயே போயிடறாங்க. மொதல்ல அந்த வலி மாத்திரைய நிறுத்துங்க, அது கிட்னிய இன்னும் கெடுக்கும்."

பயம் போகவில்லை. ஆனாலும் இனி ஒளிக்க ஒன்றும் இல்லை என்று ஒரு நிம்மதி. வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏன் மேரி, எங்கிட்டயே மறைப்பியா? வூட்ல நான் இன்னாத்துக்கு கீறேன்?" என்று கோபப்பட்டார். மறுநாளிலிருந்து உப்பைக் குறைத்து அவரே குழம்பு வைத்தார். அதைச் சாப்பிட்டு உயிரோடு இருப்பதே தனிச் சாட்சி.

ஆறு மாதத்தில் வீக்கம் வடிந்தது. கிட்னி மேற்கொண்டு கெடவில்லை என்றார் டாக்டரம்மா. மருந்து இன்னும் சாப்பிடுகிறேன், மாதா மாதம் போய்ச் சோதித்துக்கொள்கிறேன். சித்திரை முகாமில் அண்ணன் மறுபடி என் காலை வரைந்தார். பழைய அளவே வந்தது. அங்கேயே அழுதுவிட்டேன்.

யார் கண்ணிலும் படக் கூடாது என்று கேட்டேன். ஆண்டவரோ என் காலைக் காகிதத்தில் வரைந்தே காட்டிவிட்டார். அவருக்கு நன்றி. என்னைப் போல எதையாவது மறைத்துக்கொண்டு ஜெபிக்கிறவர்கள் இங்கே இருந்தால், அவரை நம்பி ஜெபியுங்கள். கூடவே யாரிடமாவது காட்டுங்கள். நான் இப்போது முதல் வரிசையில்தான் உட்காருகிறேன், பாயில் காலை நீட்டிக்கொண்டு.