கருவைக் காடு வெட்டிய கோடை

அப்பா மஞ்சள்காமாலையில் இறந்தபோது நாங்கள் மதுரையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். காரியங்கள் முடிந்த கையோடு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு, கொட்டாம்பட்டிப் பக்கமிருந்த அப்பாவின் ஊருக்கு வந்துவிட்டாள். அங்கே பெரியப்பா வீட்டை ஒட்டி எங்களுக்கென்று ஓர் ஓட்டு அறை இருந்தது. ஊருக்கு வெளியே, அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிக்காத நிலத்தில், அப்பாவின் பங்கு என்று எல்லோரும் வாயால் சொல்லிவந்த ஒரு துண்டும் இருந்தது. அப்பா மில் வேலைக்குப் போனதிலிருந்து அதை யாரும் உழவில்லை. சீமைக்கருவை மண்டிக் கிடந்தது. ஆடு நுழைந்தால்கூட உடம்பெல்லாம் கீறிக்கொண்டுதான் வெளியே வரும்.

"இதை என்னத்தப் பண்ணப்போற ஆத்தா? பேசாம வீட்ல இரு. கஞ்சி நான் ஊத்துறேன்," என்றார் பெரியப்பா.

அவர் சொன்ன விதத்தில் குறை காண எதுவும் இல்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். சந்தைக்குப் போய்வந்தால் மடியிலிருந்து சீனிச்சேவுப் பொட்டலத்தை எடுத்து, தன் பிள்ளைகள் பார்த்திருக்க, முதலில் என் கையில்தான் கொடுப்பார். அம்மாவோ அந்த நாட்களில் என்னிடம் பேசுவதையே விட்டிருந்தாள்.

"இல்ல மச்சான். நானே வெட்டிப் பாக்குறேன்," என்றாள் அவள்.

அம்மா டவுனில் பிறந்து வளர்ந்தவள். கோடாரியை எப்படிப் பிடிப்பதென்றுகூட அவளுக்குத் தெரியாது. முதல் நாள் ஒரே ஒரு மரத்தை வெட்டினாள், அதுவும் அவள் மேலேயே சாய்ந்தது. தண்ணீர்க் குடத்தோடு போன பெண்கள் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். சித்திரை வெயிலில் உள்ளங்கைகள் கொப்பளித்து, உடைந்து, காய்த்துப்போயின. மரத்தை மட்டும் வெட்டினால் போதாது, தூரைத் தோண்டி வேரோடு எடுக்காவிட்டால் ஒரு மழைக்கு முன்னைவிட அடர்த்தியாகத் தழைத்துவிடும் என்பதை அவள் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டாள். வெட்டிய இடத்துக்கே கடப்பாரையோடு திரும்பிப்போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். வைகாசி முடியும்போது சிவப்பு மண் தெரிந்தது. பெண்கள் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள். சாயங்காலங்களில் பெரியப்பா வரப்பில் வந்து நிற்பார்.

"அம்புட்டுத் தூரையும் எடுத்துட்டியே ஆத்தா," என்றார் ஒருநாள். அம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை. பாராட்டுகிறவரிடம் இப்படி நடந்துகொள்கிறாளே என்று எனக்கு அம்மா மேல் கோபம் வந்தது.

ஆனி மாதத்தில் அவள் காலில் முள் ஏறியது. டயர் செருப்பைத் துளைத்துக்கொண்டு போய் உள்ளேயே ஒடிந்துவிட்டது. ஊக்கால் குத்திக் குத்திப் பார்த்தாள். எருக்கம்பால் வைத்துக் கட்டினாள். மறுநாள் நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனாள். கால் வீங்கி, தோல் பளபளவென்று ஆகி, பிறகு கறுக்கத் தொடங்கியது. மதுரையிலிருந்து வந்த மாமா, அம்மாவின் தம்பி, அதைப் பார்த்து அழுதே விட்டார்.

"இப்பவே கெளம்பு. கால் போயிரும்க்கா."

"மேக்கு ஓரம் மட்டுந்தான்டா பாக்கி. உழுது ஒரு வெள்ளாம எடுத்துட்டேன்னா எம் புள்ளைக்கு இது இல்லன்னு எவனும் சொல்ல முடியாது. அதுக்கப்புறம் வாரேன்."

மாமா தனியாகத்தான் பஸ் ஏறினார். மேற்கு ஓரத்துக் கடைசித் தூரைப் பெயர்த்தெடுத்த அன்று அம்மா வரப்பிலேயே விழுந்துவிட்டாள். உடம்பு அனலாகக் கொதித்தது. பெரியப்பாதான் ஓடிவந்து தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு ரோட்டுக்குப் போனார். வந்த லாரியை மறித்து, அவளை மதுரைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார். கொஞ்சம் பிந்தியிருந்தால் உயிரே போயிருக்கும் என்றார்களாம். கட்டைவிரலையும் அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள்.

நான் பெரியப்பா வீட்டில் இருந்தேன். ஆடி மழை விழுந்ததும் அவர் தன் மாடுகளைப் பூட்டி அந்த நிலத்தை உழுதார். என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு போய், கடலை விதையை ஒரு பிடி அள்ளிக் கொடுத்தார்.

"மொதல்ல நீ போடு தாயி. உங் கை ராசியான கை."

அன்று என்னைவிடப் பெருமையோடு இருந்த பிள்ளை அந்த ஊரில் கிடையாது.

அந்தக் கடலை மூட்டைகள் பெரியப்பா வீட்டில் இறங்கின. அடுத்த வருஷமும் அவரே உழுதார். மாமா வந்து பஞ்சாயத்தில் கேட்டபோது, "உழுகுறது யாரு?" என்று மட்டும் கேட்டார்கள். அதற்குள் அம்மா மதுரை கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் ஆயா வேலைக்குச் சேர்ந்திருந்தாள், தரையைத் துடைத்துக்கொண்டே ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பாள். ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தவை.

விதை போட்ட மறுநாள் பெரியப்பா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஆரஞ்சுப் பழம் வாங்கியிருந்தார். அம்மா கட்டுப்போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தாள். நான் கட்டிலுக்கு ஓடினேன்.

"அம்மா, பெரியப்பா நம்ம நெலத்த உழுதுட்டாரு. கடலை போட்டாச்சு. நாந்தான் மொதல்ல போட்டேன்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

"மழை காத்துக்கிட்டிருக்காதுல்ல ஆத்தா," என்றார். "நீ கால் ஆறி மெதுவா வா."

உரித்த சுளைகளை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்பா இறந்தபோது அழுததைவிடப் பெரிதாக, வாயில் சேலையை அடைத்துக்கொண்டு, கட்டிலே ஆடுகிற மாதிரி அழுதாள். நான் பயந்துபோய் வராந்தாவுக்கு ஓடி நர்சம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"எங்கம்மாவுக்குக் கால் ரொம்ப வலிக்குது. சீக்கிரம் ஊசி போடுங்க," என்றேன்.