ராத்திரி அடுப்பை நிறுத்திய பிறகு சுற்றிய கடைகள்

மகனைக் கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டுத் திரும்பி வந்த அன்று, திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

"இனிமே ராத்திரிக்கு நான் அடுப்புப் பத்தவைக்க மாட்டேன். காலையில என்னமாவது செய்வேன், மத்தியானத்துக்கு டிபன் பாக்ஸ் கட்டுவேன். அதோட சரி."

அவர் பையைத் தோள் மாற்றிக்கொண்டு, "சரி, கடையில சாப்பிட்டுக்கிடுவோம்" என்றார். சண்டைக்குத் தயாராக இருந்த எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பெரிய புரட்சியெல்லாம் இல்லை. கால் வலி, அவ்வளவுதான். எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை எனக்கு. டேபிள் முன்னால் நின்றபடியே பனியனை விரித்து, முன்னும் பின்னும் திருப்பி, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்ட இடமோ கண்ணில் பட்டால் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கிவைக்க வேண்டும். ஒன்றரை ஷிப்ட் முடிந்து எட்டரைக்கு வெளியே வரும்போது முழங்காலுக்குக் கீழே எனக்குச் சொந்தமில்லை என்பதுபோல் இருக்கும். அதற்குமேல் வீட்டுக்குப் போய் வெங்காயம் நறுக்க வேண்டும். அவரும் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவருக்கும் களைப்பு உண்டு, இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் களைப்பு டிவி முன்னால் உட்கார்ந்துவிடும், என் களைப்புதான் அடுப்படியில் நிற்கும். தூத்துக்குடிப் பக்கமிருந்து கல்யாணமாகி இங்கே வந்து இருபத்தோரு வருஷம், இதே கதைதான்.

நாங்கள் குடியிருக்கும் பகுதியில் வாய்க்கு வேண்டிய எல்லாம் நடக்கிற தூரத்திலேயே இருக்கிறது. நான்கு தெருதான். ஆனால் ஊரில் எத்தனை ஜில்லாக்காரர்கள் வந்து தைக்கிறார்களோ அத்தனை ஜில்லாச் சாப்பாடும் அங்கே உண்டு. கம்பெனி வாசலில் இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் காய்த்துருவலும் வைத்துத் தருகிற தட்டுவடை செட், அதைத் தாண்டினால் காளான் வண்டி. காளான் என்று பெயர்தான், முக்கால்வாசி முட்டைக்கோஸ். அதை மசாலாவில் பிசைந்து தோசைக்கல்லில் கொத்திக் கொடுப்பார்கள். திருப்பத்தில் மதுரைக்காரர் பரோட்டா கடை. எதிரே பீகார்க்காரர் ஒருவர் கரி அடுப்பில் மாவு உருண்டைகளைச் சுட்டு, கத்திரிக்காய் மசியலோடு தருவார். "அக்கா, காரம் கம்மி, காரம் கம்மி" என்பார். தின்றால் கண்ணில் தண்ணீர் வரும். பிறகு பள்ளிப்பாளையம் சிக்கன், கம்மங்கூழ், மோமோ. இத்தனை வருஷமாக அவற்றின் வாசனையை மட்டும் மூக்கில் வாங்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடியவள் நான்.

முதல் நாள் பரோட்டா. அவர் சால்னாவை நன்றாக ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக் கை கழுவினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா உன் கைப்பக்குவம் வராது, பாத்துக்கோ" என்றார். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. பொய் சொல்வானேன், அன்றைக்குக் கால் வலியைக்கூட மறந்துதான் வீட்டுக்கு நடந்தேன்.

இரண்டாம் நாள் தோசைக் கடையில் சட்னிக்குப் பொட்டுக்கடலை கூடிப்போயிற்றாம். "நீ அரைக்கிற மாதிரி வருமா?" சிக்கனில் மிளகாய் மட்டும்தானாம், ருசி இல்லையாம். "நீ வச்சா எப்படி இருக்கும்!" பீகார்க்காரரின் உருண்டை காய்ந்திருந்ததாம். மெஸ்ஸில் ரசம் தண்ணீராம். மூன்றாவது வாரத்தில் அவர் தட்டைத் தொடுவதற்கு முன்பே என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சாப்பிடுவது என்னவோ குறையவில்லை. கழுவின தட்டு மாதிரிதான் வைத்துவிட்டு எழுவார்.

எனக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்தது. ஒருமுறை எங்கள் கம்பெனிக்குச் சரக்கு பார்க்க, வாங்குகிற கம்பெனி அனுப்பிய இன்ஸ்பெக்டர் ஒருவர் எடுத்த பீஸையெல்லாம் தள்ளினார். நூல் சரியில்லை, கலர் சரியில்லை, மடிப்பு சரியில்லை. நாங்கள் விடியவிடியத் திரும்பப் பார்த்து வைத்தோம், அதையும் தள்ளினார். ஆர்டரே வேண்டாமென்று முடிவு செய்துவிட்டுத்தான் அவர் வந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. எல்லாப் பீஸிலும் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர் பீஸைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

இவரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். இத்தனை நாளாகப் பாராட்டு என்று நினைத்து நான் குளிர்ந்ததெல்லாம் என்னை அடுப்பு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிற வேலை. அவர் அதைத் தெரிந்து செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமல் செய்திருந்தால் இன்னும் கோபம் வருகிறது. நான் ஏதாவது ஒரு கடையை அவர் வாயால் நல்லது என்று சொல்லவைத்துவிட வேண்டுமென்று வெறியோடு நடந்தேன். சொல்லாவிட்டால் அடுத்த மாதமே நான் மறுபடி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பேன். அது எனக்கு நன்றாகத் தெரியும், என் குணம் அப்படி.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைசித் தெருவில் இருக்கிற சந்தகைக் கடைக்குப் போனோம். எங்கள் தூத்துக்குடிப் பக்கத்து இடியாப்பத்துக்குக் கொங்குநாட்டில் அண்ணன் முறை சந்தகை. அரிசி மாவை வேகவைத்து, மூன்று கால் வைத்த இரும்பு அச்சில் போட்டுப் பிழிவார்கள். அதன்மேல் வெல்லம் போட்ட தேங்காய்ப்பால். புருஷன் அச்சை அழுத்த, பெண்டாட்டி தட்டில் வாங்கிப் பரிமாறும் சின்னக் கடை. அந்த அம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும்.

இவர் சாப்பிட்டார். ஏப்பம் விட்டார். "நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா நம்ம வீட்ல இவ ஆப்பம் சுட்டுத் தேங்காப்பால் ஊத்துவா பாருங்க, அது கணக்கா வராது" என்று அந்த அம்மாவிடமே சொன்னார்.

அந்த அம்மாவின் முகம் சுளிக்கவில்லை. "ஆமாங்க, அவிய அவிய ஊட்டுக் கைப்பக்குவம் வருமுங்களா" என்றுவிட்டு என் பக்கம் திரும்பினார். "உனக்கு எப்படி இருந்துதுங் கண்ணு?"

என் தட்டைப் பார்த்தேன், காலியாக இருந்தது. அதில் என்ன இருந்தது, இனித்ததா, உப்புக் குறைவா, எதுவும் எனக்குத் தெரியவில்லை. நான் தின்றிருக்கிறேன், ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றிருக்கிறேன். அந்த நிமிஷம் ஒவ்வொரு கடையாக யோசித்துப் பார்த்தேன். பரோட்டா, சிக்கன், ரசம், எதன் ருசியும் என் நாக்கில் இல்லை. அங்கெல்லாம் அவர் முகம் எப்படி இருந்தது என்பது மட்டும் அப்படியே ஞாபகம் இருந்தது.

"அவளுக்கென்ன, எதைக் குடுத்தாலும் சாப்பிடுவா" என்று இவர் எனக்காகப் பதில் சொல்லிச் சிரித்தார்.

"எனக்கு இன்னொரு தட்டு வைங்கம்மா" என்றேன். இவரிடம், "நீங்க வெளியே நில்லுங்க. நான் சாப்பிட்டுட்டு வாரேன்" என்றேன்.

"நான் இங்கன இருந்தா என்ன?"

"நில்லுங்கன்னா நில்லுங்க."

அவர் போனார். அந்த அம்மா சூடாக ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தார். நான் அவசரப்படாமல், ஒரு பீஸைப் பார்க்கிற மாதிரி, ஒவ்வொரு வாயாகப் பார்த்துச் சாப்பிட்டேன். சந்தகை பூப்போல இருந்தது. ஏலக்காய் அளவாக இருந்தது. ஆனால் அந்தத் தேங்காய்ப்பாலின் கொழுகொழுத்த இனிப்பு தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. கடைக்காரர்மேல் ஒரு குற்றமும் இல்லை, நல்ல பால். பால் எனக்குத்தான் ஆகவில்லை. மிச்சப் பாலை ஒதுக்கிவிட்டுச் சந்தகையை மட்டும் தின்று எழுந்தேன். தட்டில் மிச்சம் வைத்து நான் எழுந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

தெருவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். இவர் ஒரு பைக்கில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டு தட்டா? அவ்வளவு பிடிச்சுப்போச்சாக்கும்?"

"இல்ல. எனக்குத் தேங்காப்பால் பிடிக்காது."

அவருக்குப் புரியவில்லை. "என்ன சொல்லுத? ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்ததும் ஆப்பத்துக்கு நீதான பால் எடுப்ப? இன்னைக்குக் காலையிலகூட எடுத்தியே."

"உங்களுக்குப் பிடிக்கும்னு எடுத்தேன்."

"அப்போ நீ எதைத் தொட்டுக்கிட்டுச் சாப்பிடுவ?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நான் உட்காருவது வழக்கம்.

"மிஞ்சுனதை. பால்தான் மிஞ்சும்" என்றேன்.