வீட்டுக்கு ஒருவர் வந்த பெற்றோர் வகுப்பு

மெல்போர்னில் டை கட்டிய ஒரு மனிதர் நூலகத் தரையில் குப்புறப் படுத்து, பொம்மைக் காரின் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மகனும் ஒரு காரைக் கவிழ்த்துப் போட்டு அதையே செய்துகொண்டிருந்தான். சுற்றிலும் ஏழெட்டுப் பெற்றோர், ஒருவரும் சிரிக்கவில்லை. பேச்சும் வளர்ச்சியும் தாமதப்படும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கான புதன்கிழமை வகுப்பு அது. படிக்க வந்த எனக்கு அங்கே நாற்காலி போடுவதும் வருகைத் தாளில் கையெழுத்து வாங்குவதும் பகுதிநேர வேலை. "தினமும் ஐந்து நிமிடம் பிள்ளைக்கு எதையும் கற்றுக்கொடுக்காதீர்கள். அவன் செய்வதை நீங்களும் செய்யுங்கள்" என்றார் வகுப்பு நடத்தும் ஹெலன். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இதைக் காரைக்குடிக்குக் கொண்டுபோக வேண்டும்.

காரைக்குடியில் என் அக்கா மீனா இருக்கிறாள். அவள் மகள் தாரணிக்கு ஐந்து வயது. இன்னும் பேச்சு வரவில்லை. பிள்ளையார்பட்டியில் வேண்டுதல், வாரம் ஒருமுறை மதுரையில் பேச்சுப் பயிற்சி, இரண்டும் நடக்கின்றன. விசேஷ வீடுகளுக்கு மட்டும் அவளைக் கூட்டிப்போவதில்லை. கேட்டால் காய்ச்சல் என்போம். மூன்று வருடமாக, ஊரில் எந்தக் கல்யாணம் வந்தாலும் சரியாக அன்றைக்குத் தாரணிக்குக் காய்ச்சல் வந்துவிடுகிறது. யாரும் மருந்து என்ன என்று கேட்டதில்லை. அக்காவும் அவளோடு வீட்டில் தங்கிவிடுவாள். அவள் கடைசியாக ஒரு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது என்று எனக்கு நினைவில்லை.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது ஹெலனின் பயிற்சித் தாள்களைத் தமிழில் எழுதி எடுத்துப் போனேன். மதுரைப் பயிற்சி நிலையத்தில் அக்காவுக்குப் பழக்கமான பதினோரு குடும்பங்கள் எங்கள் சுற்றுவட்டாரத்திலேயே இருந்தன. வாட்ஸப்பில் அழைத்தால் மரியாதையாக இருக்காது என்றார் அத்தான். உடனே ஒப்புக்கொண்டேன். உள்ளூர்ப் பண்பாட்டை மதித்து நடப்பது பற்றி ஒரு முழுப் பாடம் படித்துத் தேறியவன் நான். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையோடு அம்மாவும் நானும் வீடு வீடாகப் போய்க் குங்குமம் கொடுத்து அழைத்தோம். எல்லா வீட்டிலும் கட்டாயம் வருவதாகச் சொன்னார்கள்.

வந்தார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு அக்கா வீட்டுக்கு, பதினோரு வீட்டிலிருந்தும் வெள்ளை வேட்டியில் ஒவ்வொருவர். பிள்ளைக்குப் பெரியப்பா, தாய்மாமன், சித்தப்பா. ஒரு தாய் இல்லை, தகப்பன் இல்லை, பிள்ளையும் இல்லை. பத்திரிகை வைத்தால் வீட்டுக்கு ஒருவர் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவது எங்கள் ஊர் வழக்கம். அந்த ஊரிலேயே பிறந்த நான் அதை மறந்திருந்தேன்.

"பிள்ளைங்களக் கூட்டிட்டு வரலியா?" என்றேன்.

"அதுகளை எதுக்குத் தம்பி? ஒரு எடத்துல உக்காராதுக" என்றார் அரியக்குடியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியப்பா. "நீங்க ஆரம்பிங்க. பன்னெண்டு மணிக்கு இன்னொரு காதுகுத்து இருக்கு."

நாற்பது நிமிடம் பேசினேன். கையில் மைக் வேறு. முன் வரிசையில் ஒருவர் தலையாட்டிக்கொண்டே தூங்கினார். அந்த நேரம் பார்த்து அடுப்படியில் யாரோ சட்னிக்கு மிக்ஸியைப் போட்டார்கள். உள்ளறையிலிருந்து தாரணி அலறிக்கொண்டு ஓடிவந்து, நாற்காலிகளுக்கு அடியில் புகுந்து காதைப் பொத்திக்கொண்டாள். பதினோரு தலைகளும் குனிந்து பார்த்தன.

"ஒண்ணுமில்ல, அவளுக்குக் காய்ச்சல்" என்றேன். மைக்கில்.

காபித் தட்டோடு வந்த அக்கா நின்றாள். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே மெல்போர்ன் வரைக்கும் சுமந்துகொண்டு வந்திருக்கிறேன். தட்டைக் கீழே வைத்தாள். "காய்ச்சல் இல்ல. மிக்ஸி சத்தம் அவளுக்கு ஆகாது. அஞ்சு வயசாச்சு, இன்னும் பேச்சு வரல" என்றாள் எல்லோரிடமும். பிறகு நாற்காலிக்கடியில் தவழ்ந்து போய், மகள் பக்கத்தில் உட்கார்ந்து தன் காதையும் பொத்திக்கொண்டாள்.

அரியக்குடிப் பெரியப்பா அவர்களுக்கு இடம் விட்டுக் காலைத் தூக்கி நாற்காலி மேலே வைத்துக்கொண்டார். கீழே குனிந்து பார்த்துச் சொன்னார்: "எங்க வீட்டுப் பிள்ளைக்குக் குக்கர் விசில் ஆகாது ஆத்தா. அதுக்காக என் தம்பி சம்சாரம் மொட்டைமாடியில விறகடுப்பு வச்சுச் சமைக்கிறா. அவளுக்குத்தான் கிறுக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம்."

"அவுகள ஒருநா இங்குட்டு வரச் சொல்லுங்க" என்றது நாற்காலிக்கு அடியிலிருந்து அக்காவின் குரல்.

"நானே கூட்டியாரேன்."

"நீங்க வேணாம் மாமா. அவுக மட்டும் வரட்டும், பிள்ளையோட."

மெல்போர்ன் திரும்பியதும் எத்தனை பெற்றோர் வந்தார்கள் என்று ஹெலன் கேட்டார். யாரும் வரவில்லை, பெரியப்பாக்களும் மாமன்களும் வந்தார்கள் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இங்கே ஒரு அப்பாவை வரவைக்கவே மூன்று முறை கடிதம் போட வேண்டியிருக்கிறது" என்றபடி, குடும்பத்தினர் பங்கேற்பு மிகச் சிறப்பு என்று அறிக்கையில் எழுதிக்கொண்டார். விளக்க முயன்றேன், எனக்குத் தன்னடக்கம் அதிகம் என்றும் சேர்த்துக்கொண்டார். நல்ல யோசனை ஒன்றைப் பெட்டியில் வைத்து ஊருக்குக் கிளம்பும் என்னைப் போன்றவர்களுக்கு ஒன்று சொல்வேன். தயவுசெய்து பத்திரிகை அடிக்காதீர்கள்.

வரும் வெள்ளிக்கிழமை, மொட்டைமாடியில் சமைக்கும் அந்த அரியக்குடி அம்மாவும் அவர் மகளும் அக்கா வீட்டுக்கு வருகிறார்கள். மத்தியானம் இரண்டு மணி, வீட்டு ஆண்கள் உண்டுவிட்டு உறங்கும் நேரம். தாள்களை அக்கா எடுத்து வைத்துக்கொண்டாள். அவற்றில் பாதியைக் கோடு போட்டு அடித்துவிட்டாளாம். அவள்தான் நடத்தப்போகிறாள். நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "வீடியோவுல பாரு. வாயைத் தொறக்காத" என்றாள். அங்கே இரண்டு மணி என்றால் இங்கே மாலை ஆறரை. நான் வீடு திரும்பும் பேருந்தில் இருப்பேன். கைபேசியில் அக்கா வீட்டுத் தரை. ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொன்றாகக் கடந்துபோகும் நிறுத்தங்கள். எதைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்பதில் சந்தேகமில்லை. எங்கே இறங்குவேன் என்பதுதான் தெரியவில்லை.