கப்பு சாஸருக்குக் கத்திய தொண்டை

இன்று ஓட்டுப் போடப் போனேன். இயந்திரத்தில் ஒரு சுயேச்சையின் பெயருக்குப் பக்கத்தில் கப்பு சாஸர் சின்னம். பார்த்ததுமே தொண்டை கரகரத்தது.

என் சிறுவயதில் அதே சின்னத்தில் நின்றவர், பக்கத்து வீட்டுப் பீங்கான் சூளை மாமா. தெருப்பிள்ளைகள் நாங்கள்தான் அவருடைய கட்சி. அவர் சூளையில் வெந்த கப்புகளைக் கரண்டியால் தட்டிக்கொண்டே வெயிலில் கத்தினோம். எனக்குக் குரலே போய்விட்டது. ஊருக்கு அதனால் நஷ்டமில்லை.

பிரசாரத்தின் கடைசி நாள் மாமா, பெரிய கட்சி வேட்பாளரின் ஜீப்பில் மாலையோடு வந்து நின்றார்.

"மாமா, நம்ப கப்பு?"

"அதெல்லாம் பேசி முடிச்சாச்சுடா. இனிமே அண்ணனுக்குக் கத்துங்க!"

கண்ணில் நீர் முட்டியது. மிச்சமிருந்த குரலைத் திரட்டி, "போடுங்கம்மா ஓட்டு, கப்பு சாஸரப் பாத்து!" என்று கத்தினேன். தெருவே சிரித்தது. அந்தக் கோஷத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்த மாமா மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.