சுவரில் ஒரு கோணல் தட்டு

கல்யாணத்துக்காக விருத்தாசலம் போனபோது, செராமிக் தொழிலாளர்களின் பழைய வரிசை வீடுகளைப் போலவே புதிதாகக் கட்டியிருக்கும் ஓட்டலில் தங்கினேன். என் அறையின் அடுப்படிச் சுவரில் கோணலான ஒரு பீங்கான் தட்டு மாட்டியிருந்தது. அதன் பின்னால் அடுத்த அறை வரை ஓர் ஓட்டை.

"இது எதுக்குங்க?" என்று மேனேஜரைக் கேட்டேன்.

"தெரியலிங்க. பழைய வூடு ஒண்ணை அளந்து, எல்லா ரூமும் அப்படியே கட்டியிருக்காங்க."

அளந்தது நான் சிறுவயதில் வளர்ந்த எங்கள் வீட்டைத்தான். அந்த வரிசையில் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் தவிர வேறெங்கும் அப்படி ஓட்டை கிடையாது.

சைக்கிள் நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை போட்டு, அப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் பேசிக்கொள்வதை விட்டிருந்தார்கள். அவர்கள் வேலைக்குப் போன நேரத்தில் அம்மாவும் அந்த வீட்டு அத்தையும் நடுச்சுவரில் செங்கல்லைப் பெயர்த்தார்கள். சூளையில் கோணிப்போன தட்டுகளை இரண்டு பக்கமும் மாட்டி மறைத்தார்கள். தட்டை ஒதுக்கினால் முதலில் கருவாட்டு வாசனை வரும். பிறகு வளையல் போட்ட கை, கையில் குழம்புக் கிண்ணம்.

அப்பாவுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தோம். ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி அவர் தட்டைப் பார்த்துக் கேட்டார்: "இன்னிக்கி அங்கேர்ந்து ஒண்ணும் வரலியா?"

ஓட்டல் தட்டை மெல்ல ஒதுக்கினேன். அந்தப் பக்கத்துத் தட்டும் நகர்ந்தது.

"ஏங்க, இது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றது முன்பின் தெரியாத பெண்குரல்.

டீயோடு வந்த இரண்டு வடைகளில் ஒன்றை ஓட்டைக்குள் வைத்தேன்.